மூளையின் வழிகளை வரைந்தவர்

நாட்டின் பொதுப் பொருளை எவற்றிற்குச் செலவிடுதல் தகும் என்னும் வினா, அரசு என ஒன்று தோன்றிய நாள் தொட்டே மக்களிடை நிலவி வருவதாகும். ஏரிக்கும் சாலைக்கும் மருத்துவசாலைக்கும் வரிப்பணத்தைச் செலவிடுக எனின் மறுப்பார் இலர். அவற்றின் பயன் கண்கூடு. மயிரினும் மெல்லிய நரம்பிழை ஒன்று மூளையினுள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று அறிதற்குப் பொருள் தருக என ஒருவர் கேட்பின், அவரைப் பித்தர் என்று நகைப்பாரும் உளர். பசியும் பிணியும் நிறைந்த நாட்டில் இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று அவர் வினவுவது முற்றும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ ராமோன் இ கஹால் என்னும் அறிஞர். மூளையின் நுண்ணமைப்பை ஆராய்வோர் இன்றும் அவரையே தம் துறைக்கு முதல்வராகக் கொள்வர். அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

கஹால் 1852-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், ஸ்பெயினின் வடபகுதியில் பெத்தில்யா என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெயர் ஹூஸ்தோ ராமோன். தாயார் பெயர் அந்தோனியா கஹால். தந்தை குடிப்பெயரையும் தாய் குடிப்பெயரையும் இணைத்து வழங்குதல் ஸ்பானியர் மரபு. சந்தியாகோ என்பது யாக்கோபு அப்போஸ்தலரின் பெயர். நம் நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சந்தியாகு என வழங்கும் பெயரும் அதுவே.

தந்தையார் வறிய குடியிற் பிறந்தவர். க்ஷௌரமும் ரண வைத்தியமும் ஒருங்கே செய்துவந்த ஒருவரிடம் பணிபுரிந்து தொழில் கற்று, பின்னர்த் தம் முயற்சியாலேயே மருத்துவப் பட்டம் பெற்றவர். அத்தகையோர் தம் மகனும் மருத்துவனாதல் வேண்டுமென விரும்பியதில் வியப்பில்லை. சிறுவன் உள்ளமோ ஓவியத்திற் படிந்திருந்தது. சுவரும் கதவும் காகிதமும் யாவும் அவனுக்குச் சித்திரப் பலகைகளே. ஒருநாள் அவன் எழுதிய சந்தியாகப்பர் படம் ஒன்றைத் தந்தையார் எடுத்துச் சென்று, அவ்வூர்க் கோயிலுக்குச் சுண்ணம் பூச வந்திருந்த தொழிலாளி ஒருவரிடம் காட்டி அவர் கருத்தை வினவினார். இச்சிறுவனுக்கு ஓவியத் திறம் சிறிதும் இல்லை என்று அவர் தீர்ப்புக் கூற, அன்றோடு வண்ணமும் தூரிகையும் வீட்டினின்று விலக்கப்பட்டன.

அதன்பின் சிறுவனின் குறும்பு எல்லை கடந்தது. பதினோரு வயதளவில் தானே ஒரு பீரங்கி செய்து அண்டை வீட்டாரின் வாயிற்கதவைப் பிளந்தமையால் ஊர்ச் சிறையிலும் சில நாள் இருக்க நேர்ந்தது. பள்ளியிற் பாடம் ஏறாமை கண்டு சினந்த தந்தையார், அவனை நாவிதர் ஒருவரிடமும் பின்னர்ச் செருப்புத் தைப்பவர் ஒருவரிடமும் வேலை பழக அனுப்பினார். செருப்புத் தொழிலில் அவன் நன்கு தேறினான் என்பது வேடிக்கையே.

1868-ஆம் ஆண்டில் தந்தையார் வேறொரு வழி கண்டார். பழைய இடுகாட்டிற் கிடந்த எலும்புகளை எடுத்து வந்து, மகனைப் பக்கத்தில் அமர்த்தி, அவற்றைக் கொண்டே உடற்கூறு கற்பித்தார். எலும்பின் வளைவும் குழிவும் ஓவியக் கண்ணுக்கு விருந்தாயின. ஒரு தொழிலாளியின் சொல்லால் தள்ளுண்ட சித்திரக் கலை, இங்ஙனம் மருத்துவக் கல்வியின் பின்வாயில் வழியே மீண்டும் இல்லம் புகுந்தது.

நுண்ணோக்கி பெற்ற வரலாறு

ஸரகோஸா நகரில் மருத்துவம் பயின்று 1873-இல் பட்டம் பெற்ற கஹால், இராணுவ வைத்தியராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டிற் கியூபாத் தீவிற்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலத்தின் நடுவிலிருந்த பாசறை மருத்துவசாலையில் பணி. மலேரியாக் காய்ச்சலும் சீதபேதியும் அவரை வாட்டின. 1875-இல் உடல் நைந்து தாயகம் மீண்டார். அப்பணியில் ஈட்டிய பணத்தில் எஞ்சியதைக் கொண்டும், மீதியைத் தவணையாகச் செலுத்தியும், ஒரு நுண்ணோக்கியை வாங்கினார். வீட்டின் மேல்தளத்தில் ஒரு சிறு மூலையே ஆராய்ச்சிக் கூடமாயிற்று. பின்னர்க் காசநோய் பற்றி, அதனினின்றும் பிழைத்தெழுந்தார். 1879-இல் சில்வேரியா என்னும் நங்கையை மணந்தார். சிறு வருவாயில் மக்கள் பலரை வளர்த்து, கணவர் புத்தகத்திற்கும் மருந்துக்கும் பணம் எடுத்தபோதெல்லாம் முகம் கோணாத அவ்வம்மையாரை நினையாது கஹாலின் வரலாற்றைக் கூறுதல் அறமாகாது.

1884-இல் அவர் வலென்சியாவிற் பேராசிரியராயினார். மறு ஆண்டு அந்நாட்டில் வாந்திபேதி பரவி உயிர்களைக் கொள்ளை கொண்டது. ஸரகோஸா மாகாண சபையார் வேண்டியபடி கஹால் அந்நோயின் கிருமியையும், அப்போது புதிதாகக் கூறப்பட்ட தடுப்பூசி முறையையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அவருழைப்பை மெச்சிய சபையார் கைம்மாறாகத் தந்தது பொன்னன்று, பட்டமன்று. ஜெர்மனி நாட்டு ஸைஸ் நிறுவனத்தார் செய்த உயர்ந்த நுண்ணோக்கி ஒன்று. மூளையின் வழிகளை ஆராய்தற்கு அரசினர் தந்த பொருளுதவியின் வரலாற்றில் இதனை முதல் ஏடுகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். ஒரு மாகாண சபையார் அளித்த அக்கருவியின் வழியே, மாந்தர் தம் மூளையைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தே மாறிற்று.

கருநிறச் சாயம்

அக்காலத்தில் மூளையை நுண்ணோக்கியிற் காண்பது, இருளடர்ந்த காட்டில் ஓரிலையின் காம்பைத் தேடுவது போன்றதாயிருந்தது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையால் எது எதனுடையது என்று பிரித்தறிதல் இயலவில்லை. 1873-இல் கமில்லோ கோல்ஜி என்னும் இத்தாலிய மருத்துவர் ஒரு வழி கண்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்குரோமேட்டு நீரிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டு நீரிலும் ஊறவைப்பின், பல நூறு அணுக்களுள் மிகச் சிலவே கருமை பெறுகின்றன. அவ்வாறு கறுத்தவையோ கிளையும் வேரும் உட்படத் தெளிவுறத் தோன்றுகின்றன. இம்முறை கண்டறியப்பட்டுப் பல ஆண்டுகள் சென்றும் பிறர் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1887-இல் மத்ரித் நகரில் லூயிஸ் ஸிமாரோ என்னும் மருத்துவர் தம் வீட்டில் இதனைக் கஹாலுக்குக் காட்டினார். அன்று முதல் கஹாலின் வாழ்க்கை வேறாயிற்று.

அவ்வாண்டே பார்ஸிலோனாவிற் பேராசிரியப் பதவி ஏற்ற அவர், கோல்ஜியின் முறையை இருமுறை செய்து செம்மைப்படுத்தினார். முதிர்ந்த மூளையை விடுத்து, முட்டையினுள் வளரும் குஞ்சின் மூளையையும் இளங்கருவின் மூளையையும் எடுத்துக்கொண்டார். பல்லாண்டு வளர்ந்த ஆலமரத்தின் விழுதுகளுள் எது எக்கிளையைச் சேர்ந்தது என்று கூறல் அரிது. கன்றாயிருக்கும்போது நோக்கின் யாவும் தெளிவாம். இவ்வுண்மையை அவர் நன்குணர்ந்திருந்தார். சதுரங்க ஆட்டத்திற் பெருவிருப்புடையவர், அதனையும் இக்காலத்தில் விட்டொழித்தார்.

சாவடியும் சந்திப்பும்

கோல்ஜி முதலியோர் மூளை முழுவதும் இடையறாத ஒரே வலை எனக் கருதினர். செய்தி எங்கும் தடையின்றி ஓடும் என்பது அவர் கொள்கை. கஹால் கண்டது வேறு. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்து நிற்பது. அதன் இழை மற்றொன்றை நெருங்கி வந்து நின்றுவிடுகின்றது, கலப்பதில்லை. அன்றியும், செய்தி ஓரணுவின் கிளைகளிற் புகுந்து, உடலைக் கடந்து, நீண்ட இழையின் வழியே வெளியேறுகின்றது, எதிர்த்திசையிற் செல்வதில்லை. தாம் எழுதிய படங்களில் அவர் இட்ட சிறு அம்புக் குறிகள் இவ்வோட்டத்தையே குறித்தன.

இதனை எம் ஊர்ப் பெயர் கொண்டே விளக்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி எனச் சாவடிப் பெயர் தாங்கிய ஊர்கள் உள்ளன. சாவடியென்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். வருவோன் வண்டியை விட்டு இறங்குகின்றான், செய்தியைக் கைம்மாற்றுகின்றான், அங்கிருந்து வேறொரு வண்டி புறப்படுகின்றது. சில செய்திகள் அவ்விடத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. மூளையும் அத்தகையதே. இழைக்கும் இழைக்கும் இடையே உள்ள சிறு வெளியே அதன் சாவடி. கற்றலும் மறத்தலும் பழகுதலும் அங்கு நிகழும் மாறுதல்களைப் பெரிதும் சார்ந்தவை என்பது பிற்கால அறிஞர் துணிபு. 1891-இல் வால்டையர் என்னும் ஜெர்மானியர் தனியணுவிற்கு நியூரான் எனப் பெயரிட்டார். 1897-இல் ஆங்கில அறிஞர் ஷெரிங்டன் அச்சந்திப்பிற்குச் சினாப்ஸ் என்னும் பெயரை வழங்கினார்.

தாய்மொழியும் தன் செலவும்

கண்டதை வெளியிட இடமின்மையால், 1888-இல் கஹால் தம் செலவிலேயே ஸ்பானிய மொழியில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அறுபது படிகளே அச்சாயின. பெரும்பாலானவை வெளிநாட்டு அறிஞர்க்கு அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவருள் ஸ்பானியம் அறிந்தார் மிகச் சிலர். நூல் சிறந்ததாயினும் மொழி அறியாதார் முன் அஃது ஊமையே அன்றோ? தமிழிற் கலைகள் வளர்தல் வேண்டும் என்று விழைவோர்க்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று.

கஹால் மனந்தளரவில்லை. 1889-இல், சேமித்த பணத்தைச் செலவிட்டு, நுண்ணோக்கியையும் கண்ணாடித் தகடுகளையும் உடன்கொண்டு பெர்லின் நகரில் நிகழ்ந்த உடற்கூற்று நூலார் மாநாட்டிற்குச் சென்றார். குறையுடைய பிரெஞ்சு மொழியில் தம் கருத்தைக் கூறி, ஐயமுற்றோரை ஒவ்வொருவராக நுண்ணோக்கியின் முன் அழைத்து நிறுத்தினார். அத்துறையில் மூத்தவராகிய கோலிக்கர் கண்டு வியந்து, அன்று முதல் அவருக்குத் துணை நின்றார். கஹாலின் நூல்களைப் பயிலும் பொருட்டு முதுமையில் ஸ்பானிய மொழியையும் கற்றார். மொழி பரவுதற்கு அதனுட் பொதிந்துள்ள பொருளே காரணமாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அரசினர் தந்த ஆராய்ச்சிக் கூடம்

கஹால் 1892-இல் மத்ரித் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1894-இல் இலண்டன் ராயல் சங்கத்தார் அழைப்பின்பேரில் அங்குச் சென்று விரிவுரை நிகழ்த்தினார். 1898-இல் ஸ்பெயின் அமெரிக்க நாட்டோடு பொருது தோற்றுக் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன் தீவுகளை இழந்தது. கருவூலம் வறிதாயிற்று, மக்கள் நெஞ்சும் சோர்ந்தது. அறிவின்மையே தம் நாட்டுத் தோல்விக்கு வேர் என்று கஹால் துணிந்தார்.

1900-இல் பாரிஸில் கூடிய அனைத்து நாட்டு மருத்துவ மாநாட்டினர் கஹாலுக்கு மாஸ்கோப் பரிசை வழங்கினர். அயலார் போற்றிய பின்னரே தம் வீட்டு விளக்கின் ஒளி ஸ்பானியர் கண்ணிற் பட்டது. அடுத்த ஆண்டில் அரசாங்கத்தார் அவருக்கென உயிரியல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை நிறுவினர். அதற்கு அவர்கள் குறித்த பதினாயிரம் பெஸெட்டாச் சம்பளத்தை மிகையென்று கருதிய கஹால், அதனை ஆறாயிரமாகக் குறைக்கச் செய்தார். பொதுப் பொருள் ஏழையின் வரியினின்று வருவது என்பதை அவர் ஒருபோதும் மறந்திலர். 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய நரம்பு மண்டலப் பெருநூல் இன்றும் ஆராய்வார்க்குக் கைந்நூலாகும்.

1906-இல் மருத்துவ நோபல் பரிசு கஹாலுக்கும் கோல்ஜிக்கும் ஒருங்கே அளிக்கப்பட்டது. ஒரே மேடையில் நின்று, கோல்ஜி தம் பழைய வலைக் கொள்கையையே வலியுறுத்தினார். கஹாலோ தம் தனியணுக் கொள்கையை நிறுவினார். 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அச்சிறு வெளியைக் கண்ணெதிரே காட்டியபோது கஹாலின் கொள்கை உறுதி பெற்றது. எனினும் சிற்சில இடங்களில் அணுக்கள் நேரே தொடர்புற்றிருத்தலும் பின்னர் அறியப்பட்டமையால், கோல்ஜி முற்றும் பிழைபட்டவர் என்றலும் பொருந்தாது. அவருடைய சாயமின்றிக் கஹாலின் கண்ணும் இல்லை.

அந்த 1906-இலேயே கல்வி மந்திரிப் பதவி கஹாலை நாடி வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. ஆனால் 1907-இல் அரசினர் அமைத்த உயர்கல்வி வளர்ச்சிக் குழுவின் தலைமையை ஏற்று, இருபத்தைந்து ஆண்டளவும் நடத்தினார். தகுதியுடைய இளைஞரைத் தேர்ந்து, அரசாங்கச் செலவில் வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பயில்வித்து, மீண்டு வந்தோர்க்கு ஆராய்ச்சிக் கூடம் அமைத்துத் தருதல் அக்குழுவின் பணி. ஒருவர் தம் வீட்டு மூலையில் தனியே இருந்தும் உண்மை காணலாம். அதற்குக் கஹாலே சான்று. ஆயினும் அவர்போல் வருந்தியே பிறரும் கற்றல் வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. அவரிடம் பயின்ற பீயோ தெல் ரியோ ஓர்தேகா, 1919-இல் மூளையின் காவலணுக்களை வேறு பிரித்து விளக்கிப் புகழ் பெற்றார். அக்குழுவினர் நிறுவிய மாணவர் விடுதியின் ஆராய்ச்சிக் கூடத்திற் பழகிய செவேரோ ஒச்சோவா 1959-இல் நோபல் பரிசு பெற்றார்.

மறைவும் அதன் பின்னும்

கஹால் 1934-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ஆம் நாள் மத்ரித் நகரில் காலமானார். அதன்பின் இரண்டாண்டிற்குள் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1938-இல் வெற்றி பெற்று வந்த ஃபிராங்கோவின் ஆட்சியினர் அவர் வளர்த்த குழுவைக் கலைத்தனர். ஆராய்ச்சியாளர் பலர் நாடிழந்தனர். ஓர்தேகா 1945-இல் அர்ஜென்டினா நாட்டில் உயிர் நீத்தார். ஒச்சோவா தம் பரிசை அமெரிக்கக் குடியினராகவே பெற்றார். முப்பதாண்டுச் செலவில் வளர்ந்த தோட்டம் இரண்டொரு ஆண்டிற் பாழாயிற்று. அறிவிற்குப் பொருள் ஈதல் ஒருநாட் கொடை அன்று. ஒரு பருவம் நீர் பாய்ச்சி மறுபருவம் மடை அடைப்பின் பயிர் கருகும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மூளையின் வழிப்படம் வரையும் பணி இன்று தனியொருவர் கைப்பொருளால் முடிவதன்று. 302 நரம்பணுக்களே உடைய ஒரு சிறு புழுவின் முழு வழிப்படம் 1986-இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. அவ்வாராய்ச்சி நிலையத்தைப் புரந்தது பிரிட்டிஷ் அரசின் நிதி. 2024-இல் ஒரு பழ ஈயின் மூளை முழுவதும் வரையப்பட்டது. அதில் 1,39,255 நரம்பணுக்களும் ஏறத்தாழ ஐந்து கோடிச் சினாப்ஸ்களும் எண்ணப்பட்டன. மாந்தர் மூளையிலோ நரம்பணுக்கள் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி. எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளும் பெருங்கணினிகளும் இன்றி இதனைத் தொடவும் இயலாது. அமெரிக்க அரசாங்கத்தார் 2013-இல் இதற்கெனத் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தனர். 2023-ஆம் நிதியாண்டில் 68 கோடி டாலர் பெற்ற அத்திட்டம், அடுத்த ஆண்டில் 40.2 கோடியே பெற்றது. செல்வ நாட்டிலும் மடை திறப்பதும் அடைப்பதும் உண்டு.

நம் நாட்டில் மத்திய அரசினர் 1999-இல் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நிறுவினர். அது ஹரியானா மாநிலத்து மானேசரில் உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் திறக்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார், கருவிலுள்ள மாந்தர் மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவிப் படமெடுத்து, 5,132 தகடுகளின் உருவங்களைத் தரணி என்னும் பெயரால் 2024 டிசம்பரில் உலகிற்கு இலவசமாக வெளியிட்டனர். தனியார் கொடையும் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் ஆதரவும் அப்பணியில் ஒன்று கூடின. கஹால் இளங்கருவின் மூளையை நாடிய அதே நெறி, எம் ஊரிலிருந்து பேருந்தேறிச் சென்றடையும் தொலைவில் இன்று தொடர்கின்றது.

முடிவுரை

இனி, முதலிற் கூறிய வினாவிற்கு வருவோம். ஏழை நாடு நுண்ணிழைக்குப் பொருள் தரலாமோ? வாந்திபேதியால் வாடிய மாகாணம் ஒன்று நுண்ணோக்கி தந்தது. தோற்று நொந்த நாடு ஆராய்ச்சிக் கூடம் தந்தது. ஸ்பெயின் இழந்த தீவுகள் மீளவில்லை. கஹாலின் சித்திரங்களோ 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டிற் சேர்க்கப்பட்டன. பக்கவாதமும் வலிப்பும் மறதி நோயும் நம் இல்லங்களில் புகும்போது, மருத்துவர் தேடிச் செல்லும் வழிகளும் அவர் வகுத்த கொள்கையைப் பின்பற்றியனவே. எனினும் பொருள் மட்டும் போதாது. குறைந்த சம்பளத்தைத் தாமே கேட்டுப் பெற்ற நெஞ்சும், தமக்குக் கிடைத்த உதவியைப் பிற்காலத்து இளைஞர்க்குப் பன்மடங்காகத் திருப்பித் தந்த நன்றியும் உடன் வேண்டும். அரசினர் உதவிப்பணத்தாற் கற்கும் மாணவர் நம்மிடையே பலர். நாம் பெறும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் வியர்வையினின்று வருவது. அதனை அறிவாக்கித் திருப்பித் தருதலே அக்கடனை அடைக்கும் வழியாகும்.